ஸ்டைல் கேமராவும் கொல்லிமலைச் சாரலும்

கேமரா வாங்கக் காசு சேர்த்துக்கிட்டு இருக்கீங்களா மக்களே? அப்போ நிக்கான் இசட் எஃப்சி மேல உங்களுக்கும் ஒரு கண் இருக்கும். 2021-ல் வந்தது; 1982-ல் வந்த எஃப்எம்2 பிலிம் கேமராவின் சாயல். ஃபீஸ் கட்டவே கடன் வாங்குற வீடு எங்களது. அழகைப் பார்த்து மட்டும் வாங்க முடியாது. அதனால வாடகைக்கு எடுத்து, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலையில் சோதிச்சுப் பார்த்தேன்.

முதல்ல பிளஸ். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் மூணுக்கும் மேலேயே டயல் இருக்கு. பனிமூட்டத்தைக் கேமரா மீட்டர் சாம்பலாக்கிடும். டயலை +1-க்குத் திருப்பினா பனி வெள்ளையாகிடும். எடை பேட்டரி, கார்டோடு 445 கிராம்தான். ஆகாய கங்கைப் படிகளில் திரும்பி ஏறும்போது அதன் அருமை புரியும். அரப்பளீஸ்வரர் கோயில் பக்கம் அன்னாசி விற்ற பாட்டி, "பழைய பொட்டியா தம்பி?"ன்னு சிரிச்சாங்க. அன்னைக்கு எடுத்ததில் சிறந்த படம் அந்தச் சிரிப்புதான்.

இனி மைனஸ். பாடியில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. 16-50 கிட் லென்ஸில் இருக்கும் விஆர் மட்டும்தான். அருவியைப் பட்டுத்துணி மாதிரி எடுக்க அரை நொடி ஷட்டர் வேணும். டிரைபாடும் என்டி ஃபில்டரும் இல்லாம அது நடக்காது. சாரலைத் தாங்குற சீலிங்கும் இல்லை. முன்பக்கம் தட்டை, ஈரக் கையில் பிடிமானம் குறைவு.

மனுஷங்க, தெரு, பயணம்னா தாராளமா வாங்குங்க. அருவிதான் உங்க ஆசைன்னா வேற பாடி பாருங்க. நான் வாங்கத்தான் போறேன். டிரைபாடுக்கும் காசு சேர்ந்த பிறகு.