கட்டிலுக்கு அடியில் ஒரு கண்காட்சி

"நீர் எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும்" என்று நம் மன்ற மலரின் ஆசிரியர் என்னை மூன்று முறை வழிமறித்துவிட்டார். இலக்கியம் எழுதச் சொன்னார். எனக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவு தேர்வுக்கு முந்திய இரவோடு முடிந்துபோவது. "பின்னே உமக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். உடம்பைத் தேற்றவும் முகத்தை மினுக்கவும் என்று சொல்லி விற்கிற சாமான்களை வாங்கி ஏமாறுவது ஒன்றுதான் எனக்குத் திருத்தமாகத் தெரிந்த வித்தை. என் அறைக்கு வந்து போகிற அன்பர்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெட்டியைத்தான் இங்கே திறக்கிறேன்.

காசிக்கு நான் வந்து சேர்ந்தபோது உயரம் ஐந்தடி எட்டங்குலம்; எடை 47 கிலோ. நிறம், எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண். விடுதியில் சிலர் என்னைக் கண்டதும் "காலியா" என்பார்கள். பக்கத்து நாற்காலி காலியா என்று தமிழில் விசாரிக்கிறார்கள் போலும் என்று முதல் வாரம் முழுவதும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பன் என்று அதற்குப் பொருள் என்பதை என் அறை நண்பர், பாட்னாக்காரர், மிகவும் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். பாரதியார் 1898-இல் இந்த ஊருக்கு வந்து, சில ஆண்டுகளில் மீசையும் தலைப்பாகையுமாக ஆளே மாறித் திரும்பினார் அல்லவா? காசிக்கு வருகிறவன் வந்தபடியே திரும்பக் கூடாது என்று நானும் தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தின் விளைவுதான் பெட்டி.

மேலாக இருப்பது கைக்குள் வைத்து நசுக்குகிற இரும்பு வில். மணிக்கட்டு இரும்பாகும் என்றார்கள். நான் நசுக்க, அது கிறீச்சிட, நண்பர் "எலி, எலி" என்று விளக்கைப் போட, மூன்றாம் நாளே அது பெட்டிக்குப் போயிற்று. அடுத்தது இழுத்துப் பயிலும் ரப்பர் வார். பொருள் நல்லதுதான், ஜன்னலில் மாட்டி வைத்தது என் பிழை. காசியின் வைகாசி வெயிலில் ரப்பர் மெல்ல வெடித்திருக்கிறது. நான் அறியாமல் இழுத்தேன். அது அறுந்து என் மூக்கைத் தாக்கிய செய்தி மறுநாள் உணவுக் கூடம் வரையில் பரவிவிட்டது.

மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அடி எண்ணுகிற கடிகாரமும் உண்டு. நாளுக்கு 10,000 அடி நடக்கவேண்டும் என்று அது என்னை அதட்டும். இந்தக் கணக்கு எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருளில் பெயர் வைத்ததாம். பெயர்தான் முதலில், சாஸ்திரம் பிறகு! ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குழாயடியில் நின்று துணி கசக்கினேன். 600 அடி நடந்ததாகக் கடிகாரம் பாராட்டிற்று. அன்று முதல் அதன்மேல் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது.

உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மூதாதையை 1818-இல் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக்கைதிகளுக்காகச் செய்தார். கைதிகள் சக்கரத்தின் படிகளில் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். ஏறி எங்கும் போய்ச் சேரமாட்டார்கள். இது கொடுமை என்று 1898-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதைவிட லேசான ஒன்றில் ஓட மாதச் சந்தா கட்டிவிட்டு, இடம் காலியாவதற்கு வரிசையில் நின்றவர்களில் அடியேனும் ஒருவன்.

எனக்கு உண்மையாகவே பிடித்துப்போன சாதனம் பெட்டிக்குள் அடங்காது. அது கங்கைக்கரையில் ஒரு பழைய அகாடாவில் இருக்கிறது. பாட்னா நண்பர்தாம் ஒரு விடியற்காலையில் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஜோடி என்று ஒன்று உண்டு. கைக்கு ஒன்றாக இரண்டு மரக்கட்டைகள். பார்த்தவுடனே கத்திவிட்டேன்: "இது எங்கள் ஊர்க் கர்லாக்கட்டை ஐயா!" கோவில் கொடையில் எங்கள் பெரியப்பா சுழற்றிக் காட்டுவதைப் பார்த்தவன் நான். ஆனால் இங்குள்ள பெரிய ஜோடியின் எடை அடியேனின் எடையை விஞ்சும். இந்தக் கட்டைகள்தாம் ஆங்கிலேயப் பட்டாளத்தார் கையில் சீமைக்குப் போய், 1904, 1932 ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் இடம்பெற்றன. அகாடாவின் பெரியவருக்கு இந்தச் செய்தியைச் சொன்னேன். "அப்படியா, முழங்கையை உள்ளே வை" என்றார்.

பெரியவர் எனக்கு இருப்பதிலேயே சிறிய ஜோடியைக் கொடுத்தார். குழந்தைகளுக்கானது என்பது பிறகுதான் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் கட்டையை விழவிட்டு, விழுகிற வேகத்தையே பிடித்து மேலே வாங்கவேண்டும். பலத்தைவிட நேரம் முக்கியம். ஒரு மாதம் முதுகில் அடி வாங்கினேன். இரண்டாம் மாதம் கட்டை தானாகச் சுழல்வதுபோல் ஒரு கணம் வந்தது. அந்தக் கணத்துக்காக இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். எடை இப்போது 53 கிலோ.

அகாடாவின் மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் கடுகெண்ணெய், மஞ்சள், மோர், வேப்பிலை எல்லாம் சேர்த்துக் கொத்திப் புரட்டிப் பதமாக வைத்திருக்கிறார்கள். இறங்குமுன் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். பிறகு உடம்பெல்லாம் பூசிக்கொள்வார்கள். உடம்பைத் தேற்றுகிற இடமும் அழகு சாதனமும் ஒன்றாக இருக்கக் கண்டது இங்கேதான்.

தலைமுடி விஷயத்தில் நான் கட்சி மாறாதவன். விடுதித் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணச்சத்து சோப்போடு கூடி, நுரை வராமல் திப்பியாகத் தலையில் படியும். அம்மா அனுப்பும் சீயக்காய் அந்தத் தண்ணீரிலும் அழுக்கை எடுத்துவிடும். அது சோப்பு அல்ல, காயில் இயல்பாக உள்ள நுரைச்சத்து. கண்ணில் பட்டால் எரியும் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறேன். நண்பரோ ஷாம்பூவின் கட்சி. அந்தச் சொல்லே அமுக்கித் தேய்த்துவிடுவது என்ற பொருள்கொண்ட இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பார். 1759-இல் பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது என்பவர்தாம் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் அந்தக் குளியலை நடத்தி, இரண்டு அரசர்களுக்கு 'ஷாம்பூ வைத்தியர்' ஆனார் என்றும் சொல்லி மார்தட்டுவார். தம் ஊர்க்காரர் என்பதால் புட்டியையும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

முல்தானி மண்ணை ஐப்பசியில் பூசினேன். எண்ணெய் வழிகிற முகத்துக்கு நல்லது. அதையே மார்கழிக் குளிரிலும் பூசிவிட்டேன். இருந்த பசையையும் அது உறிஞ்சிக்கொள்ள, முகம் வறண்ட கண்மாய்போல் வெடித்தது. அந்த வெடிப்புக்கு மருந்து தேடிப் போனபோதுதான், பெட்டியின் அடியில் கிடக்கும் கடைசிப் பொருள் என் கைக்கு வந்தது.

கடைத்தெருவில் ஒரு சந்து. அதில் ஒரு சின்னக் கடை. டியூப்பின்மேல் பச்சை இலைப் படம். 'முழுவதும் மூலிகை' என்று கொட்டை எழுத்து. விலை 90 ரூபாய். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. உற்பத்தி உரிம எண்ணும் இல்லை. அதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவும் இல்லை. பத்தே நாளில் வெடிப்புப் போயிற்று. அதோடு நிற்காமல், முகம் வெளுக்கவும் தொடங்கிற்று. என்னைக் காலியா என்று அழைத்தவர்களில் ஒருவர், "என்ன தம்பி, கல்யாணமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே போய் இன்னும் நான்கு டியூப் வாங்கினேன். எனக்கு இரண்டு, என் தங்கைக்கு இரண்டு.

தங்கையைப் பெண் பார்க்க அந்த ஆவணியில் ஒரு குடும்பத்தார் வந்து போயிருந்தார்கள். காப்பி குடித்துவிட்டு, "பெண் லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லியனுப்பினார்களாம். ஆகவே மூத்தவன் என்ற பொறுப்போடு ஒரு கடிதமும் எழுதிப் பார்சலுக்குள் வைத்தேன். இரவில் தடவிக்கொள், பொங்கலுக்குள் பலன் தெரியும் என்று.

மாசி மாதம் சிவராத்திரிக் கூட்டத்தில் அந்தக் கடை பத்து நாள் மூடிக் கிடந்தது. டியூப் தீர்ந்த நாலாம் நாள் என் முகம் எரியத் தொடங்கிற்று. மிளகாய் அரைத்த கையால் தடவியதுபோல் எரிச்சல். கன்னமெல்லாம் சிவந்து கொப்புளம். நண்பர் என்னைச் சரும மருத்துவரிடம் கொண்டுபோனார். அவர் டியூப்பைக் கையில் வாங்கி இலைப் படத்தைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். "இது மூலிகை இல்லை, ஸ்டீராய்டு" என்றார். தோலிலுள்ள இரத்த நாளங்களைச் சுருக்கி முதலில் வெளுப்பாகக் காட்டுமாம். தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்து, நாளங்கள் வெளியே தெரியும்படி ஆக்கிவிடுமாம். நிறுத்தினால் இப்படிச் சீறுமாம். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று 2018-இலேயே மைய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. தம் அறைக்கு வாரந்தோறும் என்னைப்போல் ஆட்கள் வருவதாகவும் சொன்னார். கடைசியில் கேட்டார்: "வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்தாயா?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மூன்று நாள் அந்தப் பொய்யோடு திரிந்தேன். நாலாம் நாள் இரவு தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் உடனே பேசவில்லை.

"நான் அதைத் தொடவே இல்லை, அண்ணே" என்றாள் பிறகு. "வந்தவங்க நிறம் மட்டுன்னு சொன்னாங்க, சரி. அவங்க யாரோ. நீயும் அதையே கடிதாசியா எழுதி அனுப்பினியே? எடுத்து அலமாரியிலே எறிஞ்சேன்."

எனக்கு ஒரு பக்கம் வெட்கம். ஒரு பக்கம் உயிர் வந்தது. அந்த உயிர் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"அம்மாதான் எடுத்துப் பூசிக்கிட்டிருக்கா. ரெண்டும் தீரப் போகுது."

அம்மாவின் கன்னங்களில் பல வருஷமாக மங்கு உண்டு. ஜாதிக்காயை இழைத்துப் போடுவாள், அதுவும் நினைத்தபோதுதான். தனக்கென்று ஒரு சோப்புக்கூடக் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அவளுக்கு இப்படி ஓர் ஆசை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. விளக்கை அணைத்த பிறகு, யாருக்கும் தெரியாமல் தடவிக்கொள்வாளாம். அவளிடம் பேசினேன்.

"நீ காசியிலேருந்து அனுப்பினது வீணாப் போகுதேன்னு எடுத்தேன்யா. கங்கைத் தண்ணி மாதிரி நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "உனக்கு முகம் ரொம்ப எரியுதாய்யா?"

மறுநாளே நான் மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திடீரென்று நிறுத்தக் கூடாது. ஊரில் ஒரு சரும மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடவேண்டும் என்றார். தங்கை அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அம்மாவின் கன்னத்தில் சிவப்பு நூல் இழை இழையாகத் தெரிந்தது. மங்கு முன்னைவிடக் கறுத்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள். தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பி.எட். சேர்ந்திருக்கிறாள். வரன் பேச்சைச் சிறிது காலம் எடுக்கவேண்டாம் என்று அப்பாவிடம் அவளே சொல்லிவிட்டாள்.

நான் புறப்படுகிற அன்று அம்மா ஒரு டப்பா கொடுத்தாள். பாசிப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். தானே காயவைத்து மாவு மில்லில் திரித்தது. இன்னின்னது இவ்வளவு என்று தங்கையைக்கொண்டு ஒரு சீட்டும் எழுதி உள்ளே போட்டிருந்தாள். "டாக்டர்கிட்டே காட்டிக் கேட்டுட்டு அப்புறம் பூசு" என்றாள்.

காட்டினேன். மருத்துவர் சீட்டை என்னைக்கொண்டு வரி வரியாக இந்தியில் சொல்லச் செய்து கேட்டார். மேலுக்குத் தேய்த்துக்கொள், முகம் ஆறும் வரையில் இதுவும் வேண்டாம், அகாடா மண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டப்பா ஜன்னல் மேல் இருக்கிறது. வேண்டுகிற அன்பர்கள் வந்து ஒரு கை எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் வாரின் பிழைத்த பாதியும் இரும்பு வில்லும் இலவசம். இலைப் படம் போட்ட டியூப்பை மட்டும் யாரும் கேட்கவேண்டாம். அது பெட்டியிலேயே கிடக்கட்டும்.