புள்ளினம் அறிய ஒரு கைந்நூல்

பறவைகளை இனங்கண்டு மகிழ விரும்பும் பிள்ளைக்கு எந்த நூலை வாங்கிக் கொடுக்கலாம் என்று எம்மை வினவும் பெற்றோர் பலர். படங்கள் மிகுந்த பெருநூலே சிறந்தது என எண்ணுவது இயல்பு. நாம் அவ்வாறு கருதுவதில்லை. தொடக்கத்தில் நிற்பவனுக்கு வேண்டுவது, தன் ஊரிற் காணக்கிடைக்காத பறவைகளை விலக்கிக் காட்டும் நூலேயாகும்.

இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்குமாகக் கிரிமெட்டும் இன்ஸ்கிப் தம்பதியரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ஏறக்குறைய 1,300 இனங்களைக் கூறுகின்றது. கற்றறிந்தார்க்கு அது பெருஞ்செல்வம். ஆயினும் அவற்றுட் பாதிக்கும் குறைவானவையே இலங்கையிற் காணப்பெறுவன. இமயத்துப் பறவைகளுக்கு நடுவே தன் வேலியோரக் குருவியைத் தேடும் சிறுவன் விரைவிற் சலிப்படைந்துவிடுவான்.

இலங்கைக்கென்றே எழுதப்பட்ட நூலிலும், ஒவ்வொரு பறவையும் எப்பகுதியில் வாழ்கின்றது என்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றதா என முதலில் நோக்குதல் வேண்டும். செண்பகத்தை எடுத்துக்கொள்வோம். கரிய உடலும் செங்கபில நிறச் சிறகும் உடைய செண்பகம் இரு வகைப்படும். அவற்றுள் வெளிறிய பச்சை அலகுடையது இத்தீவுக்கே உரியது. ஈரவலயக் காடுகளில் வாழ்வது. ஆகவே, யாழ்ப்பாணத்துப் பனங்கூடலுக்குள் நடந்து திரிவது மற்றையதே எனப் பிள்ளை ஐயமின்றித் துணியலாம். கௌதாரியோ இதற்கு மறுதலை. வடக்கு, வடமேற்குக் கரையோர வறண்ட நிலங்களில் அதனைத் தேடலாம். சிங்கராசக் காட்டில் தேடுதல் வீண்முயற்சி.

அடுத்து நோக்கத்தக்கவை படங்கள். புகைப்படம் அழகியதாயினும், ஒரு கணத்து ஒளியில் ஒரு பறவை தோன்றியவாற்றையே காட்டும். நல்ல ஓவியமோ, ஒன்றையொன்று ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில் நிறுத்தி வேற்றுமையைப் புலப்படுத்தும். வலசை வரும் பறவைகளுக்கு மாரிக்காலத் தோற்றமும் வரையப்பட்டிருத்தல் இன்றியமையாதது. வடபுலத்தில் இனப்பெருக்கக் காலத்தில் மார்பு செந்நிறமாக விளங்கும் மணற்கரைப் பறவைகள் சில, மன்னார்க் கடலோரத்தில் நாம் காணும் மாதங்களிற் சாம்பல் நிறம் பூண்டே நிற்கின்றன.

கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஹென்றி, தாமே படமும் வரைந்து 1955இல் வெளியிட்ட நூல், பறவைகளின் நடத்தையை அருகிருந்து கண்டு கூறுவது. அதனை வீட்டிலிருந்து ஆறுதலாகப் படித்தல் நன்று. எனினும், தென்மேற்குக் காடுகளிற் கண்டறியப்பட்டு 2004இல் விஞ்ஞான உலகுக்கு விவரிக்கப்பட்ட சிற்றாந்தையை அதில் எதிர்பார்த்தல் இயலாது. 1999இல் வெளிவந்த ஹரிசனின் நூலுக்கும் இது பொருந்தும். எனவே, வெளியே எடுத்துச் செல்வதற்கு, தீபால் வரகாகொடவும் பிறரும் 2012இல் வெளியிட்ட நூல் போன்ற அண்மைக்கால நூலையே நாம் பரிந்துரைப்போம்.

இவை யாவும் ஆங்கில நூல்கள் என்பது நம் கருத்தை உறுத்தும் செய்தி. எமது வகுப்பு மாணவன் ஒருவன், தன் வீட்டு முற்றத்தில் கூட்டமாய் வந்து இரைதேடும் ‘பப்ளர்’ என்னும் பறவையைப் பற்றி அழகாக எழுதி வந்தான். “தம்பி, புலுனியைத்தானே சொல்கிறாய்?” என்றோம். “அம்மம்மா அப்பிடித்தான் சொல்லுறவ, சேர், அது வேறை குருவி எண்டு நினைச்சன்” என்றான். ஒரே முற்றத்தில் நின்ற ஒரே பறவை, பாட்டிக்கும் பேரனுக்கும் இரு வேறு பறவைகளாய் இருந்தது! நூலால் அவன் பெற்ற அறிவு பெரிது. ஆனால் அம்மம்மாவின் அறிவோடு அது இன்னும் கைகோக்கவில்லை.

ஹென்றி பல பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் ஆங்கில எழுத்திற் குறித்து வைத்தார். அத்தொண்டைத் தொடர்தல் நம் கடன். ஆதலின், நூலைத் தெரியும்போது இன்னொன்றையும் நோக்குக: பக்கத்தின் ஓரத்தில் எழுத இடமிருக்கின்றதா? நூலோடு ஒரு பென்சிலையும் பிள்ளைக்குக் கொடுங்கள். வீட்டு முதியோரிடமும் கரைவலை இழுப்போரிடமும் வயல் உழுவோரிடமும் பெயர் கேட்டு, அதனை ஊர்ப்பெயரோடு அவ்வோரத்தில் அவன் எழுதட்டும். கேட்பதற்கு ஆள் உள்ளபோதே அதனைச் செய்தல் வேண்டும்.