மாமா மண்டைக்குள்ள இருந்த கம்பெனி

விர்ச்சுவல் அசிஸ்டென்ட்னு சொன்னா நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு அலெக்சாதான் ஞாபகம் வருது. நான் சொல்ல வர்றது அது இல்லைங்க. ரத்தமும் சதையுமான ஆள். ஏதோ ஒரு ஊர்ல தன் வீட்ல உக்காந்துக்கிட்டு, வேற ஊர் முதலாளிக்கு மெயில் பாக்குறது, பில் போடுறது, வராத பணத்தைக் கேட்டு வாங்குறதுன்னு வேலை செய்யறவங்க.

இது ஒண்ணும் புதுசு இல்லை. குக்கர் விக்கிற டிடிகே தெரியும்ல? 1928ல சென்னையில டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஆரம்பிச்ச குழுமம். அவர்தான் பின்னாடி மத்திய நிதியமைச்சர் ஆனவர். அந்தக் குழுமம் பெங்களூர்ல நடத்தின 'யுவர் மேன் இன் இந்தியா'ங்கிற சேவை, 'கெட்ஃபிரைடே'ங்கிற பேர்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு வீட்டு வேலை, ஆபீஸ் வேலையெல்லாம் பாத்துக் கொடுத்துச்சு. ஏ.ஜே.ஜேக்கப்ஸ்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர், பெங்களூர்ல ஆள் வெச்சு தன்னோட வேலைகளை முடிச்ச கதையை 2005ல எஸ்கொயர் பத்திரிகையில எழுதினார். சம்சாரத்துகிட்ட சமாதானம் பேசுறது வரைக்கும் பெங்களூர்ல இருந்துதான் :-) 2007ல டிம் ஃபெரிஸ் எழுதின புத்தகம் வந்ததுக்கு அப்புறம் இது இன்னும் பிரபலமாச்சு. சென்னை ஐஐடி துணையோட 2005ல ஆரம்பிச்ச தேசிக்ரூ, இந்த மாதிரி வேலையைக் கிராமத்துப் பட்டதாரிகள்கிட்டயே கொண்டு போச்சு. நம்ம ஈரோடு மாவட்டம் ஆப்பக்கூடல்லயும் அவங்க மையம் இருந்துச்சு.

ஆக, அமெரிக்கா முதலாளிக்கு நம்ம ஊர்ல இருந்து வேலை பாத்து இருபது வருசம் ஆச்சு. நம்ம ஊரு முதலாளிக்கு? அங்கதான் கதை.

எங்க மாமா கணபதி பக்கம் சின்னதா ஒரு கிரைண்டர் யூனிட் வெச்சிருக்கார். ஏழு பேர் வேலை. புவிசார் குறியீடு வாங்கின அதே கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்தான், ஆனா பிராண்ட் பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. சேலம், ஈரோடு, பாலக்காடுன்னு டீலருங்க. எல்லாமே மாமாவோட ஒரே போன்ல நடக்கும். போன வருசம் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. பத்து நாள் போனை அத்தை கையில வாங்கி வெச்சுக்கிட்டாங்க. யூனிட்ல ஆள் இருக்கு, கல்லு இருக்கு, மோட்டார் இருக்கு, ஆனா யாருக்கு என்ன அனுப்பணும்னு ஒருத்தருக்கும் தெரியலை. பத்து நாளும் லேத் சும்மா கெடந்துச்சு. வாரக்கூலி மட்டும் போச்சு.

அதுக்கப்புறம்தான் அத்தை கறாரா சொல்லி ஒரு ஆள் போட்டாங்க. கோபி பக்கத்துல இருந்து ஒரு அக்கா. பி.காம்., கல்யாணத்துக்கு முன்னாடி ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. குழந்தை சின்னது, கோவைக்கு வர முடியாது. தினம் நாலு மணி நேரம், வீட்ல இருந்தே. நடுவுல நான். "நீ காமர்ஸ்தான படிக்கிற, பாத்து சொல்லிக் குடு"ன்னு மாமா ஒப்படைச்சுட்டார்.

எல்லாரும் பாஸ்வேர்டு குடுக்குறதுதான் பெரிய விஷயம்னு நினைக்கிறாங்க. அது ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது. ஆடிட்டிங் பேப்பர்ல 'இன்டர்னல் செக்'னு மனப்பாடம் பண்ணி எழுதுவோமே, பணத்தைத் தொடுறவரும் கணக்கு எழுதுறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு... அதை முதல் தடவையா நெஜத்துல பாத்தேன். டேலியில அந்த அக்காவுக்கு டேட்டா என்ட்ரி உரிமை மட்டும். இ-வே பில் தளத்துல அவங்க பேர்ல சப்-யூசர், அதனால மாமாவோட பாஸ்வேர்டே தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ்ல இணைச்ச சாதனமா அவங்க கம்ப்யூட்டர். பேங்க்ல பேமென்ட்டை ஒருத்தர் பதிவு பண்ணுவாங்க, இன்னொருத்தர் ஒப்புதல் குடுப்பாங்க. ஒப்புதல் மாமா. ஓடிபி யாருக்கும் சொல்றதில்லை. அவ்வளவுதான்.

கஷ்டம் அடுத்த நாள் ஆரம்பிச்சுது.

நம்ம ஊரு பட்டறையில வேலை கத்துக் குடுக்கிற முறை உங்களுக்கே தெரியும். "கூட நில்லு, பாரு." அவ்வளவுதான் பாடத்திட்டம். பையன் ஆறு மாசம் ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கிட்டே நிப்பான். அப்புறம் ஒரு நாள் அவனே மெஷினைத் தொடுவான். திருப்பூர் பனியன் முதலாளிகளைப் பத்தி ஷரத் சாரி எழுதின 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' 2004ல வந்துச்சு. அந்த முதலாளிங்க தங்களோட வளர்ச்சிக்குக் காரணமா சொன்ன ஒரு வார்த்தையை அதுல பிடிச்சிருப்பார்: உழைப்பு. மெஷின்ல நின்னு உழைச்சு முதலாளி ஆனவங்க. எங்க மாமாவும் அதே ரகம்தான். கையால கத்துக்கிட்டதை வாயால சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

இப்ப கோபியில இருக்கிற ஒருத்தங்க எங்க வந்து கூட நிப்பாங்க?

முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது போன். "அம்மிணி, அந்த சேலத்துக்காரருக்கு வழக்கமா அனுப்புறதை அனுப்பிச்சுரு." வழக்கமா என்னன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டா, "அது எனக்குத் தெரியும், நீ எங்கிட்டக் கேட்டாப் போதும்." பாலக்காட்டுக்குச் சரக்கு 50,000 ரூபா தாண்டினா இ-வே பில் வேணும், ஏன்னா அது அடுத்த மாநிலம். ஈரோட்டுக்கு 1 லட்சம் வரைக்கும் வேண்டாம். மாமாவுக்கு இதெல்லாம் மூச்சு விடுற மாதிரி. கம்ப்யூட்டர்ல இருந்த கொட்டேஷன் ஃபார்மட்ல ஜிஎஸ்டி இன்னும் 5 சதவீதம்னே இருந்துச்சு. 2022 ஜூலை 18ல கல்லு கிரைண்டருக்கு 18 ஆக்கினப்ப மாமா மனசுக்குள்ள மட்டும் மாத்திக்கிட்டார், ஃபைல்ல மாத்தலை. அந்த அக்கா அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டதால தப்பிச்சோம்.

இதெல்லாம்கூட சட்டம், தேடிக் கண்டுபிடிச்சுக்கலாம். எங்கயும் தேட முடியாத சமாச்சாரம் வேற இருக்கு. வெள்ளிக்கிழமை எந்த டீலர்கிட்டயும் பணம் கேக்கக் கூடாது. ஒரு டீலர் "நாளைக்கு"ன்னா நாளைக்கேதான், இன்னொருத்தர் "நாளைக்கு"ன்னா அடுத்த வாரம். ஒருத்தர்கிட்ட பாக்கியைப் பத்தி அவர் பையன் பக்கத்துல இருக்கும்போது பேசவே கூடாது. கம்ப்ளெய்ன்ட் வந்தா முதல்ல "அரிசி எவ்வளவு போட்டீங்க"ன்னு கேக்கணும், ஏன்னா பாதிக் கேஸ்ல 2 லிட்டர் டிரம்ல 3 லிட்டருக்குப் போட்டிருப்பாங்க!

மூணாவது வாரம் அந்த அக்கா எனக்குப் போன் பண்ணினாங்க. "தம்பி, நான் நின்னுக்கறேன். உங்க மாமா நல்லவருதானுங்க. ஆனா எனக்கு வேலை தர்றதில்லைங்க, ஒவ்வொண்ணுக்கும் அனுமதிதான் தர்றாரு." எனக்கு அந்த வார்த்தை சுருக்குன்னு இருந்துச்சு. சரியா சொன்னாங்க. மாமாவும் நானும் முதல்ல அந்த அக்காவுக்கு வேலை வேகம் வரலைன்னுதான் பேசிட்டிருந்தோம். ஆனா வேகம் எங்க இருந்து வரும்?

வழியும் அவங்களே சொன்னாங்க. மாமா எழுத மாட்டார், ஆனா பேசுவார். அதனால ஒவ்வொரு கேள்விக்கும் போன் வேண்டாம், வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போடுங்க, என்ன செய்யணும்னு மட்டும் இல்லாம ஏன்னும் சொல்லுங்கன்னாங்க. மாமா ராத்திரி சாப்பிட்டுட்டுத் திண்ணையில உக்காந்து பேசுவார். காலையில அவங்க அதைக் கேட்டு ஷீட்ல டைப் பண்ணுவாங்க. டீலர் பேர், விலை, கடன் நாள், எந்த லாரி சர்வீஸ், எப்பப் பேசணும். ரெண்டு மாசத்துல பதினாலு பக்கம் ஆச்சு. நாப்பது போன் நாலஞ்சா கொறஞ்சுது.

ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் அந்த அக்கா எனக்கும் அனுப்பினாங்க. ஒரு பழைய டீலருக்கு ஏன் எப்பவும் 200 ரூபா கம்மின்னு கேட்டிருக்காங்க. மாமா பதில் அஞ்சு நிமிசம். தொழில் ஆரம்பிச்ச புதுசுல கல்லு வாங்கக் காசில்லாம நின்னப்ப, அந்த டீலர்தான் முழுப் பணமும் முன்கூட்டியே குடுத்தாராம். அத்தைக்கே இது தெரியாது.

சம்பள விஷயத்துல மாமாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். கத்துக்கிற மாசத்துக்குப் பாதிச் சம்பளம்தான், பட்டறையில பையனுக்கு அப்படித்தானன்னார். எனக்கு அது நியாயமா படலை. பையன் கத்துக்கிறது பையனோட போயிரும். இந்த அக்கா கத்துக்கிட்டது பதினாலு பக்கமா நம்ம கம்பெனியிலயே நிக்குது. பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ்ல சூப்பர் ப்ராஃபிட் முறையில குட்வில்லுக்கு மதிப்புப் போடுவோமே, அந்தக் குட்வில் பார்க்க எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா நான் இந்த ஷீட்டைத்தான் காட்டுவேன். அத்தையும் என் பக்கம் சேர்ந்ததால முழுச் சம்பளம் ஆச்சு.

"இதுக்கு எதுக்குடா ஆளு, ஏஐ போட்டுரலாமே"ன்னு ரூம்மேட் கேக்கறான். போடலாம். ஆனா அதுக்கும் இந்தப் பதினாலு பக்கம் வேணும். அது இல்லாம கேட்டா, சேலத்துக்காரருக்கு அதுவா ஒரு விலையை அடிச்சு விட்டுரும். அந்த அக்கா தெரியலைன்னா "தெரியலைங்க"ன்னு சொல்லுவாங்க.

நம்ம செட்ல நிறைய பேர், முக்கியமா பொண்ணுங்க, டிகிரி முடிச்சு இந்த வேலைக்குத்தான் போகப் போறாங்க. போற இடத்துல முதல் மாசம் "நீ கேட்டாப் போதும்"னு சொன்னாங்கன்னா இந்தக் கதையை ஞாபகம் வெச்சுக்கங்க. வாய்ஸ் மெசேஜ் கேளுங்க. 'ஏன்'னு கேளுங்க. கத்துக்கிற மாசத்துக்கும் சம்பளம் பேசிட்டே சேருங்க.

போன மாசம் மாமா செக்கப்புக்காக மூணு நாள் போனை அணைச்சு வெச்சிருந்தார். பாலக்காட்டு லோடு ஒண்ணு, ஈரோட்டு லோடு ரெண்டு கெளம்பிச்சு. நாலாவது நாள் மாமா ஷீட்டைத் தொறந்து ஒவ்வொரு வரியா பாத்தார். ஒரு காலம் மட்டும் இன்னும் காலியா இருக்கு: டீலருக்கு அதிகபட்சம் எவ்வளவு தள்ளுபடி குடுக்கலாம்னு. "அதை மட்டும் எங்கிட்டக் கேளு அம்மிணி"ங்கிறார். அந்த அக்காவும் வாராவாரம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.