செம்மண் சாலையில் ஒரு வில்வண்டி

ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் கிம்பர்லி என்னும் நிலப்பரப்பு உள்ளது. தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்கு விரிந்த அந்தச் செம்மண் பூமியில் ஊர்கள் மிகச் சில. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்ல வேண்டும். கிம்பர்லி முழுவதும் புரூம் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்குகிறது. அம்மறைமாவட்டத்தின் தலைமையிடமாகிய புரூம், முத்துச் சிப்பியால் பிழைத்த கடற்கரை ஊர். 1880-களிலிருந்து அங்கே சிப்பி எடுக்கும் தொழில் ஓங்கி வளர்ந்தது. சட்டைப் பொத்தான்கள் செய்வதற்காக அச்சிப்பிகள் கப்பலேறிச் சென்றன. பிளாஸ்டிக் பொத்தான்கள் வந்த பிறகு, 1950-களில் அத்தொழில் தளர்ந்தது. பின்னர் வளர்ப்பு முத்து அவ்வூரைத் தாங்கிக்கொண்டது.

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு இச்செய்தி எத்தகைய ஆவலைத் தூண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அத்தை தூத்துக்குடியைச் சேர்ந்தவர், வயது 76. புரூமுக்கு வடக்கே பீகிள் பே என்னும் ஊரில் சிப்பி பதித்த பீடம் ஒன்று இருப்பதாகக் கேள்வியுற்ற நாள்முதல், அங்கே ஒரு திருப்பலி காண வேண்டும் என்பது அவருடைய வேண்டுதலாயிற்று. நாங்கள் குடியிருக்கும் பெர்த் நகரிலிருந்து புரூமுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியில், அந்நாட்டார் காரவான் என்பதில், செல்வதென முடிவாயிற்று. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அதில் அடக்கம்.

ஆனால் ஒரு தடை இருந்தது. அத்தைக்கு முதுகெலும்பில் அறுவை மருத்துவம் நடந்திருந்தது. நீண்ட குலுக்கல் ஆகாது என்பது மருத்துவரின் கண்டிப்பான சொல். அவர் காரவானுக்குள் அமர்ந்து வரப்போவதில்லையே என்று வாசகர் எண்ணலாம். உண்மைதான், ஓடும் காரவானில் ஆட்கள் இருப்பதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனினும் இழுபடும் வண்டி குதித்தால், அந்த உதைப்பு பூட்டு வழியாக முன்னே செல்லும் காரை வந்தடையும். பின்னிருக்கையில் இருப்பவர் முன்னும் பின்னும் அசைக்கப்படுவார். ஆகவே காரவானின் வில் சீராக அமையாவிடில் அத்தையை அழைத்துச் செல்வதற்கில்லை என்ற நிலை.

வில் என்ன செய்கிறது?

நம் நாட்டில் வில்வண்டி என்ற பெயரை அறியாதார் இல்லை. வெற்று மாட்டுவண்டியில் அச்சின் மேல் நேரே பாரம் அமரும். வில்வண்டியிலோ, அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் ஒன்று இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் மேலே இருப்பவரைப் பாதி அதிர்ச்சியே தொடும். இன்றைய காரவான்களில் மிகப் பலவும் இதே பட்டை வில்லின் மேல்தான் ஓடுகின்றன. விலை குறைவு, செய்முறை எளிது, எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். இரண்டு அச்சுகள் கொண்ட வண்டியில் முன் வில்லையும் பின் வில்லையும் ஒரு துலாக்கட்டை இணைத்து நிற்கும். முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது அக்கட்டை சாய்ந்து, பாரத்தின் ஒரு பங்கைப் பின் சக்கரத்துக்கு மாற்றிக் கொடுக்கும். ஒருவர் சுமையை மற்றவர் பகிர்ந்துகொள்ளுதல் பற்றிக் கலாத்தியருக்குப் பவுலடியார் எழுதியது அத்தையின் நினைவுக்கு வந்தது, இக்கட்டையைக் கண்டபோதுதான்.

வில்லுக்கு ஒரு குறையும் உண்டு. அழுத்தப்பட்ட வில் மீண்டும் எழும். எழுந்தது மறுபடி தாழும். இவ்வாட்டத்தை அடக்கும் வேலை, எண்ணெய் நிரம்பிய குழாயாகிய ஷாக் அப்சார்பருக்கு உரியது. அது ஆட்டத்தின் விசையை வெப்பமாக்கி வெளியேற்றுகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதும் ஓரளவு ஆட்டத்தை அடக்கும் என்பதால், பல காரவான்களில் ஷாக் அப்சார்பர் இல்லாமலே விட்டுவிடுகின்றனர். நல்ல தார்ச்சாலைக்கு அது போதும். கிம்பர்லியின் மண்சாலைக்குப் போதாது.

பட்டறையில் கேட்டவை

நாங்கள் வாங்கியது பழைய வண்டி. அதன் முந்தைய உரிமையாளர், வண்டி உறுதியாக இருக்கட்டும் என்று 3,500 கிலோ தாங்கும் வில்களைப் பொருத்தியிருந்தார். அவ்வண்டிக்குச் சட்டம் அனுமதித்த முழு எடையோ 2,800 கிலோ. ஓட்டிப் பார்த்தபோது அலமாரிகளின் திருகாணிகள் தளர்ந்தன. குளிர்பெட்டியின் கதவு திறந்துகொண்டது.

முதலில் செய்யவேண்டியது எடை பார்த்தல் என்றார் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர். தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பி, பாத்திரம் பண்டங்களை ஏற்றி, பொது எடைமேடையில் நிறுத்தினோம். மொத்தம் 2,620 கிலோ. அதில் காரின் பூட்டில் அமர்ந்த பாரம் 260 கிலோ. அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்நாட்டில் சரியானதெனக் கொள்ளப்படும் அளவு அதுவே. அதனினும் மிகக் குறைந்தால் வண்டி வாலாட்டத் தொடங்கும். ஆக, சக்கரங்கள் சுமந்தது 2,360 கிலோ. 3,500 கிலோவுக்கென வார்த்த வில் இப்பாரத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை. வளையாத வில் கட்டையைப் போலவே அதிர்ச்சியை மேலே அனுப்பியது. வலிமை மிகுந்த வில்லே சிறந்த வில் என்பது பலரும் கொள்ளும் எண்ணம். சுமக்கும் பாரத்துக்குப் பொருந்திய வில்லே மென்மையாக ஓடும். வலிய வில்லைப் பொருத்திவிட்டால் கூடுதலாகப் பாரம் ஏற்றலாம் என்று நினைப்பதும் தவறு. வண்டியின் தகட்டில் பொறித்த எடை வில்லை மாற்றுவதால் உயர்வதில்லை.

எங்கள்முன் நான்கு வழிகள் வைக்கப்பட்டன.

முதலாவது, ரப்பர் முறுக்கு அச்சு. குழாய்க்குள் ரப்பர்த் தண்டுகள் செருகப்பட்டிருக்க, சக்கரத்தின் கை அசையும்போது ரப்பர் நசுங்கி வில்லாக உதவும். ஓசையில்லை, மசகு பூச வேண்டியதில்லை. ஆயினும் இரண்டு அச்சுகளுக்கிடையே பாரத்தைப் பகிரும் துலாக்கட்டை அதில் இல்லை. ரப்பர் தேய்ந்தால் வழியில் பழுது பார்க்க இயலாது, அச்சையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் கையும் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் கொண்ட அமைப்பு. ஒரு சக்கரத்தின் குதிப்பு எதிர்ச் சக்கரத்தை அசைக்காது. கரடுமுரடான வழிக்கு மிக ஏற்றது. ஆனால் விலை பன்மடங்கு. வண்டியின் அடிச்சட்டத்திலும் வெட்டி ஒட்டும் வேலை உண்டு. சக்கரங்களின் நேர்மையை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது, காற்றுப் பைகள். பாரத்துக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். ஓட்டம் மிக மென்மை. ஆனால் பை கிழிந்தாலோ காற்றுப் பொறி நின்றாலோ, பட்டறையற்ற காட்டில் உதவிக்கு ஆள் கிடையாது.

நான்காவது, இருந்த அமைப்பையே செப்பனிடுதல். 2,800 கிலோவுக்குரிய பட்டை வில்கள், தேய்ந்த நைலான் புஷ்களுக்குப் பதில் வெண்கலப் புஷ்களும், உள்ளே மசகு செலுத்தத்தக்க ஆணிகளும், நான்கு சக்கரங்களுக்கும் ஷாக் அப்சார்பர், புதிய டயர்கள். சுருள்வில் அமைப்புக்குக் கேட்ட தொகையில் மிகச் சிறிய பங்கே இதற்கு ஆகும். ஆண்டு முழுவதும் மண்சாலையில் திரிபவர்க்கு இரண்டாவது வழி தக்கது; ஒரே ஒரு பருவம் செல்பவர்க்கு நான்காவதே போதும் என்றார் மெக்கானிக். அவ்வாறே செய்தோம். செப்பனிட்ட பின், நகருக்கு வெளியே ஒரு மண்சாலையில் அத்தையை அமரவைத்து ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். இறங்கியவர், திருச்செந்தூர்ப் பேருந்தைவிட இது மேல் என்றார்.

சிப்பிப் பீடம்

புரூமிலிருந்து பீகிள் பே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஒரு காலத்தில் வண்டிகளை உடைத்த செம்மணல் வழி அது. 2020-ல் முழுவதும் தார்ச்சாலையாகி முடிந்தது. நியூல் நியூல் என்னும் ஆதிக்குடிகளின் நிலம் அவ்வூர். 1890-ல் பிரெஞ்சு நாட்டுத் திராப்பிஸ்து துறவியர் அங்கே பணித்தளம் அமைத்தனர். 1901-ல் பல்லோட்டின் சபைக் குருக்கள் பொறுப்பேற்றனர். முதல் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மானியத் துறவியரும் ஊர் மக்களும் கூடி, சுமார் 60,000 செங்கற்களைத் தாங்களே அறுத்துச் சுட்டு, சிப்பியை நீற்றிச் சுண்ணாம்பாக்கி எழுப்பிய திரு இருதய ஆலயம் 1918-ல் திறக்கப்பட்டது.

வெண்சுவர் ஆலயத்துள் நுழைந்ததும் பீடத்தின் மேல் முத்துச் சிப்பிகள் ஒளிர்கின்றன. சிப்பியின் உட்புற மினுக்கமும் சிறு கிளிஞ்சல்களும் கோலம்போல் பதிந்துள்ளன. அத்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தம் பாட்டனார் கடலடியில் மூச்சடக்கி எடுத்ததும் இவ்வகைப் பொருள்தான், அது எவர் வீட்டுக்குச் சென்றதென்று அவர் அறிந்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

அவ்வூரின் நினைவில் துயரமும் உண்டு. அரசின் ஆணையால் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகள் பலர் இப்பணித்தளத்தில்தான் வளர்க்கப்பட்டனர். அழகிய பீடத்தின்முன் மண்டியிடுவோர் அப்பிள்ளைகளின் அன்னையரையும் நினைத்தல் தகும்.

கிப் ஆற்றுச் சாலை

டெர்பியிலிருந்து கிழக்கே செல்லும் கிப் ஆற்றுச் சாலை ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளமானது. பண்ணை மாடுகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960-களில் உருவான வழி. பெரும்பகுதி இன்றும் மண்சாலை, மழைக்காலத்தில் மூடப்படும். அதன் மேற்பரப்பு தகரக் கூரையைப்போல் வரிவரியாக இருக்கும். சிறு மேட்டில் எழும்பிய சக்கரம் விழும் இடத்தில் மண்ணைத் தள்ள, அங்கே அடுத்த மேடு உண்டாக, வண்டிக்கு வண்டி அவ்வரிகள் ஆழமாகின்றன. ஒன்றரை முழ இடைவெளியுள்ள வரிகளில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், சக்கரம் ஒரு விநாடியில் இருபது முறைக்கு மேல் அடிபடும். விரைந்து சென்றால் வரிகளின் மேல் மிதந்து போகலாம் என்பர் சிலர். மிதக்கும் சக்கரத்துக்கு மண்ணில் பிடிப்பு இல்லை. பின்னே ஒரு வீட்டை இழுப்பவருக்கு அது ஆபத்து.

நாங்கள் டயர்களின் காற்றை 48 பவுண்டிலிருந்து 36 பவுண்டாகக் குறைத்தோம். டயரில் உள்ள காற்றே முதல் வில். வேறெதற்கும் இல்லாத மலிவு அதற்கு. காற்றைக் குறைத்தவர் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கிழியும். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி, ஷாக் அப்சார்பர்களின் சூடு ஆறும்வரை காத்திருந்து, சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்த்தோம். அந்நேரமெல்லாம் அத்தை நிழலில் நடந்து முதுகுக்கு ஓய்வு கொடுத்தார்.

வழியில் வடக்கே கலும்புரு சாலை பிரிகிறது. நியூ நோர்சியா மடத்து ஸ்பானிய ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் 1908-ல் தொடங்கிய பணித்தளத்தின் வழிவந்தது கலும்புரு. 1943 செப்டம்பர் 27-ல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அருட்தந்தை தாமஸ் கில்லும் ஆதிக்குடிகள் ஐவரும் அங்கே மாண்டனர். அச்சாலையின் வரிகள் இன்னும் கொடியவை. காரவான் கொண்டுவருவோர் பலர் அதை டிரைஸ்டேல் ஆற்றுப் பண்ணையில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் செல்கின்றனர். நாங்களும் அவ்வாறு செய்யலாமா என்று கேட்டபோது அத்தை மறுத்தார். வில் செய்யக்கூடியதை வில் செய்துவிட்டது. மற்றது என் முதுகு சொல்லட்டும் என்றார். சந்திப்பிலேயே காரை நிறுத்தி, மாண்ட அறுவருக்காகவும் ஜெபமாலை சொன்னோம்.

மூன்றாம் நாள் மாலை பெந்தக்கோஸ்து என்னும் பெயருடைய ஆற்றை வந்தடைந்தோம். பாலம் இல்லை, கற்படுகையில் ஓடும் நீரினூடே செல்ல வேண்டும். முதலைகள் வாழும் ஆறாதலால், ஆழம் பார்க்க எவரும் இறங்கி நடப்பதில்லை. முன்னே செல்லும் வண்டியின் சக்கரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தே கடக்கின்றனர். எதிரே காக்பர்ன் மலைத்தொடர் மாலை வெயிலில் செக்கச் சிவந்து நின்றது. மெதுவாக இறங்கி, நிற்காமல் கரையேறினோம். அன்றிரவு கூட்டைத் திறந்து பார்த்தபோது, பீகிள் பேயில் அத்தை வாங்கிய மெழுகுதிரிகளில் ஒன்றுகூட ஒடியவில்லை. ஒன்றை ஏற்றிவைத்து, இரவு ஜெபம் முடித்து, அவர் வலியின்றி உறங்கினார்.