குளிர்ப்பெட்டியும் மண்பானையும்

குளிர்சாதனப் பெட்டி வாங்கச் செல்வோர் அதன் அழகை நோக்குவர். யான் நோக்கியது அன்னையாரின் இன்சுலினை. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் எங்கள் பழைய பெட்டி புத்தக அலுமாரியாயிற்று. பாட்டனாரின் மருந்தோ ஈரமணலிட்ட மண்பானையிற் காக்கப்பட்டது.

அந்நினைவோடு, ஊரிலேயே திருத்தத்தக்க எளிய வகையைத் தெரிந்தேன். அதில் உறையறை மேலே அமைந்துள்ளது. குளிர்காற்று கனமாதலாற் கீழிறங்கும். உறைந்த இன்சுலின் பயன்படாது. 2 முதல் 8 பாகை செல்சியசே அதற்கு உகந்தது. ஆதலால் அதனை நடுத்தட்டில் வைக்கிறோம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் இறப்பர்ப் பட்டி தளர்ந்துவிட்டதென்க.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. கதவைத் திறவாது காத்தோம். பின்னர் பானையையும் நனைத்தோம். அப்பானை இன்றும் அடுக்களை மூலையில் இருக்கின்றது.