எலி மருந்து

எலிக்கு வைக்கும் நஞ்சு எலியோடு முடிவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வைத்தேன். மாசசூசெட்ஸில் காட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. சுவரோரம் கறுப்புப் பெட்டிகளை வைத்து, அவ்வப்போது வந்து மருந்தை நிரப்பிப் போக ஒரு நிறுவனத்தை அமர்த்தினேன். அடுப்படி இழுப்பறையில் எலிப் புழுக்கையைப் பார்த்த அருவருப்பு ஒரு காரணம். பொறி வைத்தால் செத்ததை நானே எடுத்துப் போட வேண்டுமே என்பதுதான் பெரிய காரணம்.

இந்தக் காட்டில் ஃபிஷர் வாழ்கிறது. மீன் பிடிப்பவரைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான்; ஆனால் மீனைத் தேடி இது போவது அபூர்வம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரி மார்ட்டனுக்கு உறவு. கரும்பழுப்பு ரோமம், நீண்ட உடல், அடர்ந்த வால். ஆண் நான்கைந்து கிலோ இருக்கும், பெண் அதில் பாதி. பின்னங்கால் பாதங்களைத் திருப்பிக்கொண்டு மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும். முள்ளம்பன்றியை, முள் இல்லாத முகத்தில் திரும்பத் திரும்பத் தாக்கியே கொன்றுவிடும். தோலுக்காகப் பிடித்தும் காட்டை அழித்தும் பல மாநிலங்களில் இதை இல்லாமல் செய்தார்கள். பிறகு முள்ளம்பன்றிகள் பெருகி மரப்பட்டையைத் தின்னத் தொடங்கியதும், மர வணிகர்களே இதைத் திரும்பக் கொண்டுவர முன்வந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் 2008 முதல் 2010 வரை 90 ஃபிஷர்களை விட்டார்கள். மாசசூசெட்ஸிலோ, கைவிட்ட பண்ணைகள் மீண்டும் காடானபோது அதுவாகவே பரவியது.

பூனை காணாமல் போனால் எங்கள் பகுதியில் ஃபிஷர் மேல்தான் பழி. நடு இரவில் பெண் அலறுவதுபோல் கேட்டாலும் அதுதான் என்பார்கள். அந்த அலறல் பெரும்பாலும் செந்நரியுடையது. நானோ விசாரிக்காமலே அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் மாலையில் பின்வாசலுக்குப் போகவே பயந்தார்கள். அந்தப் பயம் எனக்கு வசதியாகவும் இருந்தது. காட்டில் இருப்பது கொடிய பிராணி என்று ஆகிவிட்டால், அதற்கு என்ன நேர்ந்தாலும் நான் வருந்த வேண்டியதில்லை அல்லவா?

2012-இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றைப் படித்தேன். இறந்துபோன 58 ஃபிஷர்களைச் சோதித்ததில் 46-இன் உடலில் எலி மருந்து இருந்தது. காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிரிடுவோர் கொட்டிய மருந்தே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை. குற்றவாளிகள் வேறு யாரோ, நான் வரி கட்டிக் குடும்பம் நடத்துகிறவன் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த தவணைக்கும் பணம் கட்டினேன்.

என் பெட்டியில் இருந்ததும் அதே வகை நஞ்சு. இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையை அது முடக்கும். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், மேலும் தின்னும். அப்படித் தளர்ந்த எலிதான் எந்த வேட்டை விலங்குக்கும் எளிதில் அகப்படும். அதைத் தின்ற விலங்கின் கல்லீரலில் நஞ்சு மாதக்கணக்கில் தங்கும். இரைக்கு இரை சேரும்.

தாய் ஃபிஷரைப் பற்றிப் படித்த பிறகுதான் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. குட்டி போட்ட சில நாட்களிலேயே அது மறுபடி இணைசேர்கிறது. அந்தக் கரு ஏறக்குறைய பத்து மாதம் வளராமல் காத்திருந்து, பனிக்காலத்தின் கடைசியில்தான் வளரத் தொடங்குகிறது. முதிய மரத்தின் பொந்தில், கண் திறக்காத குட்டிகளைத் தாய் தனியாகவே வளர்க்கிறது. அந்தக் கலிஃபோர்னிய ஆய்விலேயே, தாயை நம்பியிருந்த ஒரு குட்டியின் உடலிலும் நஞ்சு இருந்தது. பாலின் வழியாகவோ கருவிலேயோ போயிருக்க வேண்டும். நஞ்சுள்ள தாய் பொந்துக்குத் திரும்பவில்லை என்றால் அந்தக் குட்டிகளைப் பார்க்க வேறு எவரும் கிடையாது.

நிறுவனத்தை நிறுத்திவிட்டேன். சுவர் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடைத்தேன். பொறி வைக்கிறேன், செத்ததை நானே எடுத்துப் போடுகிறேன். என் வார்த்தையை நம்பி அதே நிறுவனத்தை அமர்த்திய பக்கத்து வீட்டு அண்ணாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்டபோதுகூட, செலவு அதிகம் என்று சொல்லித் தப்பித்தேன். அவர் வீட்டுச் சுவரோரம் அந்தப் பெட்டிகள் இன்றும் இருக்கின்றன.