அண்ணன் பீமராவ், தங்கை?

எங்கள் மூத்தவன் பெயர் பீமராவ். ஆறு வயது. போன மாதம் அவனுக்கு ஒரு தங்கை பிறந்தாள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்துடன் 15 வயது வரை இடமுண்டு. சட்டம் இவ்வளவு அவகாசம் தருகிறது. சொந்தக்காரர்கள் தருவதில்லை.

"அண்ணன் பேருக்குப் பொருத்தமா வையுங்க" என்பதுதான் எல்லோருடைய முதல் யோசனையும். ரமேஷ், சுரேஷ் என்றும் கலா, மாலா என்றும் ஓசை பார்த்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். காஞ்சிபுரத்தில் அதற்குக் கோயிலும் கைகொடுக்கும். அண்ணன் வரதன், தங்கை காமாட்சி என்றால் ஊரே தலையாட்டும்.

பீமராவுக்குப் பொருத்தம் தேடினால்தான் சிக்கல். தோழர் ஒருவர் உடனே "ரமாபாய்" என்றார். சொல்லி முடிக்கும் முன் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரமாபாய் அம்பேத்கரின் மனைவி. தங்கைக்கு எப்படி வைப்பது? ஜோதிராவ், சாவித்ரி என்றாலும் கணவன் மனைவிதான். நம் இயக்கத்தில் பெண்களை எந்த வரிசையில் நினைவு வைத்திருக்கிறோம் என்பது ஒரு குழந்தைக்குப் பெயர் தேடும்போது தெரிந்துவிடுகிறது. 1904இல் ரங்கூனில் பிறந்து சென்னைக்கு வந்து, தானே மேடையேறிப் பேசிய மீனாம்பாளைக்கூட நாம் 'மீனாம்பாள் சிவராஜ்' என்றுதானே சொல்கிறோம்.

என் மாமியார் சொன்னதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை. "பையன் பேரைக் கேட்டாலே நாம யாருன்னு தெரிஞ்சுடுது. பொண்ணுக்காவது பொதுவா ஒரு பேரு வையும்மா. வாடகைக்கு வீடு கேட்கணும், நாளைக்கு வேலைக்குப் போகணும். அது தனியா இல்ல அலையும்."

அது கோழைத்தனமல்ல. அவர் பட்ட அனுபவம். கோயில் தெருக்களையொட்டி வீடு தேடியபோது, "பையன் பேர் என்ன?" என்று கேட்ட பிறகு வீடு 'ஏற்கெனவே பேசிவிட்டதாக' மாறியதை எங்களுடன் வந்து பார்த்தவர் அவர்.

பெயர் எங்கள் குடும்பத்துக்குப் புதிய பிரச்சினையல்ல. என் தாத்தாவின் பெயர் சின்னக்குப்பன். அவர் அண்ணன் பெரியகுப்பன். அண்ணன் தம்பிக்கு அவ்வளவு பொருத்தமான பெயர்! குழந்தை தங்காத வீட்டில் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று வைப்பது பல சாதிகளிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் மற்ற தெருவில் ஒரு குப்பன் குப்புசாமியாக வளர்ந்தான். எங்கள் தெருவில் எழுபது வயதிலும் "டேய் குப்பா"தான். இழிவு பெயரில் மட்டும் இல்லை, கூப்பிடுகிறவன் நாக்கிலும் இருந்தது.

அந்த நாக்குக்கு நூல் ஆதாரமும் உண்டு. மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகம் பார்ப்பனருக்கு மங்கலமும், சத்திரியருக்கு வலிமையும், வைசியருக்குச் செல்வமும், சூத்திரருக்கு இழிவும் தோன்றப் பெயர் வைக்கச் சொல்கிறது. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அதனால்தான் பெயரை மாற்றுவது நம் அரசியலில் திரும்பத் திரும்ப வருகிறது. காத்தவராயன் தன் ஆசிரியர் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். 1929இல் பக்கத்துச் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. திருமாவளவன் தன் அப்பா ராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார்.

மாமியார் சொன்னபடி 'பொதுவான' பெயர் வைக்கலாம் என்றே ஒரு வாரம் யோசித்தோம். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பெயரைத் தனியாகக் கேட்டால் மறைக்கலாம். கூடப்பிறந்தவர் பெயரோடு சேர்த்துக் கேட்டால் மறைக்க முடியாது. தங்கைக்கு வர்ஷா என்று வைத்தாலும், "உங்க அண்ணன் பேரு?" என்று ஒருத்தி கேட்கத்தான் போகிறாள். அப்போது அவள் அண்ணன் பெயரை விழுங்கினால், எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சேரி உருவாகிவிடும். பீமராவும் ஒரு நாள் கேட்பான்: "எனக்கு வெச்சப்போ இல்லாத பயம் அவளுக்கு வெச்சப்போ ஏன் வந்துச்சு?" ஒரு பிள்ளைக்குப் போராட்டத்தையும் இன்னொரு பிள்ளைக்குப் பாதுகாப்பையும் பிரித்துக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

கடைசியில் மணிமேகலை என்று முடிவு செய்தோம். மாதவியின் மகள். பிறப்பு விதித்த தொழிலை மறுத்துப் பௌத்தத் துறவு பூண்டவள். காப்பியத்தில் அவள் அமுதசுரபியோடு வந்து சேரும் ஊர் காஞ்சி. பஞ்சத்தில் வாடிய இந்த நகரத்துக்குச் சோறு போட்டுவிட்டு, இங்கேதான் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். இன்று கோயில் நகரம் என்று மட்டுமே விளம்பரம் செய்யப்படும் ஊருக்கு இப்படியும் ஒரு நினைவு இருக்கிறது. 1956இல் நாகபுரியில் அண்ணல் ஏற்ற அறமும் அதுதான். இவள் யாருடைய மனைவியாகவும் நினைக்கப்படுபவளல்ல.

"ரெண்டு பேரும் ஒட்டவே இல்லையே" என்றார் மாமியார். அவருக்குப் பதில் சொன்னவர், எதிர்வீட்டில் கூலிக்குத் தறி நெய்யும் அக்கா. "உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டையும் தறியிலேயே கோத்து நெய்யறதுதான் கோர்வை. ஒரே நிறம்னா அந்த வேலையே எதுக்கு?"

மணிமேகலை என்ற பெயரை மட்டும் கேட்டு யாரும் எங்களைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதை ஒளிந்துகொள்ள அவள் பயன்படுத்துவாளா என்பது அவள் வளர்ந்து எடுக்கிற முடிவு. அண்ணன் பெயரை நிமிர்ந்து சொல்லும் வீட்டில் அவளை வளர்ப்பது எங்கள் வேலை. இனிஷியல் இருவருக்கும் ஒன்றுதான்: அம்மா, அப்பா இருவரின் முதலெழுத்தும்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் உங்கள் தாத்தா பாட்டியிடமும் அவர்கள் கூடப்பிறந்தவர்களிடமும் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். வைத்த பெயர், கூப்பிட்ட பெயர், பள்ளியில் யாரோ திருத்திய பெயர் என மூன்றையும் கேளுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாறு அதில் இருக்கிறது.